வீட்டில் காமிக்ஸ் வரைகிறேன். 7 வயது மகள் பேச்சு பலூனில் உள்ள எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்க்கிறாள். எங்கே திருத்துவது?

மைக்கூடு எழுதியது:

வணக்கம். சொந்தமாகப் படக்கதை வரைந்து நானே அச்சிட்டு விற்கப் போகிறேன். முதல் புத்தகம் அட்டையோடு 24 பக்கம், ஏ5 அளவு, வண்ணம், 300 பிரதி. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கான கதை. ரஃப் (பென்சில் வரைவு) முழுவதும் தயார். 9 பக்கம் மை போட்டாயிற்று. வேலை நடப்பது வீட்டுக் கூடத்தில், ஒரே மேசையில். மகளுக்கு 7 வயது, ஆங்கிலவழிப் பள்ளி, தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மகனுக்கு 4.

முடிந்த பக்கங்களை மகளிடம் கொடுத்தால் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறாள். உட்கார வைத்துப் படிக்கச் சொன்னால் பதிலை முதலிலும் கேள்வியைப் பிறகும் படிக்கிறாள். சில பக்கங்களில் கட்ட வரிசையே மாறிப்போகிறது. கடையில் வாங்கிய தமிழ் காமிக்ஸிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். குறை அவள் வாசிப்பிலா, என் பக்க அமைப்பிலா?

பக்கத்துக்கு 6 அல்லது 7 கட்டம் வைத்திருக்கிறேன். பலூன் எழுத்து 9 பாயிண்ட், கணினியில் தனி லேயரில் இருக்கிறது. பலூன்கள் நீளவாக்கில் ஒடுக்கமானவை. இன்னும் இரண்டு உதவி வேண்டும்: பிள்ளைகள் வீட்டில் இருக்கும் மாலை நேரத்துக்கு எந்த வேலையை ஒதுக்குவது, அச்சகத்துக்குக் கோப்பு கொடுக்கும் முன் என்னென்ன பார்ப்பது.

கட்டமும்கோடும் எழுதியது:

குறை உங்கள் மகளிடம் இல்லை. ஏ5 பக்கத்தில் 7 கட்டம், 9 பாயிண்ட் எழுத்து, ஒடுங்கிய பலூன். மூன்றும் ஒரே பக்கத்தில் சேர்ந்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் படமே போதும் என்றுதான் தோன்றும்.

கட்ட வரிசையில் பிள்ளைகள் வழிதவறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். இடப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு சின்னக் கட்டம், வலப்பக்கம் அந்த இரண்டின் உயரத்துக்கும் சேர்த்து ஒரே நெட்டைக் கட்டம். வரைந்தவர் மனதில் உள்ள வரிசை மேல், கீழ், வலம். பிள்ளைக்கோ வரியை இடமிருந்து வலமாகப் படித்த பழக்கம். முதல் கட்டம் முடிந்ததும் கண் நேரே நெட்டைக் கட்டத்துக்குத் தாவும், கீழே இருப்பது விடுபடும். அதையே திருப்பி நெட்டைக் கட்டத்தை இடப்பக்கமும் சின்னவை இரண்டையும் வலப்பக்கமும் வைத்தால் குழப்பம் வராது. மாற்ற முடியாத பக்கம் என்றால், சின்னக் கட்டங்கள் இரண்டுக்கும் நடுவே 2 மிமீ இடைவெளியும், அவற்றுக்கும் நெட்டைக் கட்டத்துக்கும் நடுவே 6 மிமீ இடைவெளியும் விடுங்கள். நெருங்கி இருப்பதைக் கண் ஒரு கூட்டாக எடுத்துக்கொள்ளும். அத்தோடு மேல் கட்டத்தின் கடைசி பலூனைக் கீழ்க்கோட்டைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் கொஞ்சம் இறக்கிவிட்டால், அது விரல் பிடித்துக் கூட்டிப்போவதுபோல வேலை செய்யும்.

பதிலை முதலில் படிப்பதற்குக் காரணம், பேசும் ஆட்கள் நிற்கும் இடம். வலப்பக்கம் நிற்பவர் கேட்கிறார், இடப்பக்கம் நிற்பவர் பதில் சொல்கிறார், இரண்டு பலூனும் ஒரே உயரத்தில் இருக்கின்றன என்றால் இடப்பக்கத்து பலூனைத்தான் எந்தப் பிள்ளையும் முதலில் படிக்கும். பலூனின் வால் யாரைக் காட்டுகிறது என்பதைப் படித்த பிறகுதான் பார்ப்பார்கள். ரஃப் நிலையிலேயே முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்துவதுதான் முறையான தீர்வு. நீங்கள் மை போட்டுவிட்ட பக்கங்களில், முதல் பேச்சைக் கட்டத்தின் மேல்கோட்டை ஒட்டி வையுங்கள். பதிலை முழுதாக ஒரு பலூன் உயரம் கீழே இறக்குங்கள். அரை பலூன் இறக்கம் பெரியவர்களுக்குப் போதும், 7 வயதுக்குப் போதாது. ஒரே கட்டத்தில் மூன்று பேச்சு வந்தால் கட்டத்தையே இரண்டாக உடைத்துவிடுங்கள்.

இனி லெட்டரிங், அதாவது பலூனுக்குள் எழுத்து அமைப்பது. நாம் பலூன் வரையக் கற்றது பெரும்பாலும் ஆங்கிலக் காமிக்ஸைப் பார்த்து. அங்கே சொற்கள் குட்டை, நெட்டையான முட்டை வடிவத்துக்குள் அழகாக அடுக்கலாம். தமிழுக்கு அது ஒத்துவராது. "போய்க்கொண்டிருக்கிறார்கள்" என்பது 13 எழுத்து. 12 பாயிண்டில் எழுத்துருவைப் பொறுத்து ஏறத்தாழ 5 செமீ பிடிக்கும். ஏ5 பக்கத்தில் ஒரு வரிசைக்கு மூன்று கட்டம் வைத்தால் ஒரு கட்டத்தின் அகலம் 4 செமீதான். சொல் உள்ளே போகாது, எனவே எழுத்தைச் சிறிதாக்குகிறோம் அல்லது சொல்லைக் கண்ட இடத்தில் உடைக்கிறோம். நீங்கள் 9 பாயிண்டுக்கு இறங்கியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

வரிசைக்கு இரண்டு கட்டம், பக்கத்துக்கு 4 அல்லது 5 கட்டம் என்று வையுங்கள். பலூனை அகலவாக்கில் படுக்க வையுங்கள். எழுத்து 12 அல்லது 13 பாயிண்ட். வரி இடைவெளி எழுத்து அளவைப்போல 1.35 மடங்குக்குக் குறையக் கூடாது, அதாவது 12 பாயிண்டுக்கு 16 முதல் 17. மேல் வரியின் 'மூ', 'கு' கீழே தொங்கும். கீழ் வரியின் புள்ளியும் 'கி'யின் கொக்கியும் மேலே ஏறும். இரண்டும் முட்டினால் புள்ளி காணாமல் போய் 'க்' என்பது 'க' ஆகிவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடும். சொல்லை உடைத்தே ஆகவேண்டுமென்றால் பொருள் பிரியும் இடத்தில் உடையுங்கள்: "போய்க்" ஒரு வரி, "கொண்டிருக்கிறார்கள்" அடுத்த வரி. புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரவே கூடாது. ஒரு பலூனுக்கு 8 சொல்லுக்கு மேல் இந்த வயதுக்கு வேண்டாம்.

எழுத்துரு தேர்வில் பலரும் பார்க்காமல் விடுவது துணைக்காலையும் ரகரத்தையும். பல எழுத்துருக்களில் 'ா'வுக்கும் 'ர'வுக்கும் மயிரிழைதான் வேறுபாடு. "வராதே", "தாரா", "பாரா" என்று அடித்து அச்சிட்டுப் பாருங்கள். தெளிவாகத் தெரியவில்லை என்றால் அந்த எழுத்துருவை விட்டுவிடுங்கள். கூகுள் இலவசமாகத் தரும் எழுத்துருக்களில் ஹிந்த் மதுரை, முக்தா மலர் இரண்டும் பலூனுக்கு நன்றாகப் பொருந்தும், விற்பனைப் புத்தகத்துக்கும் பயன்படுத்தலாம். பலூ தம்பி தடித்தது. கத்தலுக்கும் ஓசைச் சொல்லுக்கும் மட்டும் வையுங்கள், சிறிய அளவில் 'ண', 'ன' சுழிகள் அடைத்துக்கொள்ளும். கவிவனர் கைவிரைவோடு சாய்ந்து அழகாக இருக்கும், ஆனால் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அந்தச் சாய்வு கூடுதல் சுமை.

வாசிப்புமேசை எழுதியது:

பக்க அமைப்பு பற்றி மேலே சொன்னதை அப்படியே ஏற்கிறேன். வீட்டில் உட்கார்ந்து படிக்கும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

படத்தை மட்டும் பார்ப்பதைத் தடுக்காதீர்கள். அதை முதல் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 15 நிமிடம், 6 பக்கம் போதும். முதல் சுற்றில் யாரும் படிக்கக் கூடாது. கட்டம் கட்டமாக விரல் வைத்து "என்ன நடக்குது?" என்று கேளுங்கள். இரண்டு கட்டங்களுக்கு நடுவே விரலை வைத்து "இங்க என்ன நடந்திருக்கும்?" என்றும் கேளுங்கள். காமிக்ஸ் வாசிப்பில் பாதி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இரண்டாம் சுற்றில் பாத்திரம் பிரித்துக்கொள்ளுங்கள். மகளுக்கு ஒரே ஒரு பாத்திரம், அதிகம் பேசாத பாத்திரம். மீதிப் பேச்சும் கட்டத்தின் மேலுள்ள விவரிப்பும் உங்களுக்கு. 4 வயதுக்காரனுக்கு ஓசைச் சொற்கள் எல்லாம் சொந்தம்: தொப், டமார், சடசட, கிர்ர்ர். எழுத்து தெரியாவிட்டாலும் இரண்டாவது நாளில் அந்தச் சொல்லின் உருவத்தைக் கண்டே அவன் கத்துவான். அதற்காகவாவது ஓசைச் சொல்லைக் கையால் பெரிதாக வரையுங்கள், கணினி எழுத்தில் வைக்காதீர்கள்.

வரிசை மாறுவதற்கு உடனடி உதவி: கறுப்புச் சார்ட் அட்டையில் 'ட' எழுத்தைப் போல மூலை மடங்கிய துண்டு ஒன்று வெட்டி, இன்னும் படிக்காத பகுதியை மூடிக்கொண்டே நகர்த்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அட்டையை எடுத்துவிடலாம்.

அவள் ஒரு சொல்லில் நின்றால் மனதுக்குள் நான்கு எண்ணுங்கள். வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கதையைத் தொடருங்கள். அங்கேயே எழுத்துக் கூட்ட வைத்தால் கதை செத்துவிடும், புத்தகமும் பள்ளிப் பாடம் ஆகிவிடும். எந்தச் சொல்லில் நிற்கிறாள் என்பதை நீங்கள் மட்டும் பென்சிலால் குறித்துவையுங்கள். குறிப்புகளை வாரக் கடைசியில் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். ஆங்கிலம் முதலில் கற்ற பிள்ளைகள் கொம்பு எழுத்துகளில் நிற்பார்கள்: கெ, கே, கை, கொ. கண்ணுக்கு முதலில் வரும் குறி காதுக்குப் பின்னால் வருகிறது, அதுதான் தடை. 'கௌ'வும் 'கெள'வும் பெரியவர்களுக்கே தடுமாறும். 'கௌதமன்' என்று பாத்திரத்துக்குப் பெயர் வைத்திருந்தால் இந்த ஒரு புத்தகத்துக்கு மாற்றிவிடுங்கள். 'க்ஷ', 'ஸ்ரீ' இரண்டையும் தவிர்க்கலாம்.

பேச்சுத்தமிழா எழுத்துத்தமிழா என்ற கேள்வி உங்களுக்கு வந்தே தீரும். பலூனுக்குள் பேச்சுத்தமிழ்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வீட்டில் காதால் கேட்கும் சொல் என்பதால் முதல் இரண்டு எழுத்தைக் கூட்டியதும் மீதியை ஊகித்துவிடுவார்கள். ஆனால் எழுத்தில் ஒழுங்கு வேண்டும். பேச்சில் "வந்தான்", "வந்தாள்", "வந்தால்" மூன்றும் கிட்டத்தட்ட "வந்தா" என்றே ஒலிக்கும். பலூனில் "வந்தா" என்று எழுதினால் வந்தது அண்ணனா, அக்காவா, இன்னும் வரவே இல்லையா என்று பிள்ளைக்குப் புரியாது. கடைசி மெய்யெழுத்தை விடாமல் எழுதுங்கள்: "வந்துட்டான்", "வந்துட்டாள்". ஒரு பக்கத்தில் "வந்துட்டான்", இன்னொன்றில் "வந்திட்டான்" என்று மாறவும் கூடாது. எந்தெந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று ஒரு தாளில் 30, 40 சொற்களைப் பட்டியலிட்டு மேசைக்கு மேலே ஒட்டிக்கொண்டு அதன்படியே போங்கள்.

வெளிப் புத்தகம் பற்றி: சிவகாசியிலிருந்து 1972-ல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984-ல் வந்த லயன் காமிக்ஸும் நம்மில் பலருக்கு உயிர். ஆனால் அவற்றில் பெரும்பகுதி அயல்நாட்டுச் சாகசக் கதைகளின் மொழிபெயர்ப்பு, எழுத்தும் நெருக்கம். பத்து, பன்னிரண்டு வயதுக்கு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அதுவரை நீங்கள் படித்துக்காட்டலாம். பழைய கதைகளில் துப்பாக்கியும் புகையும் வரும், முன்கூட்டியே ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது. கௌபாய் நாயகன் லக்கி லூக்கின் வாயிலிருந்த சிகரெட்டை, அவரைப் படைத்த ஓவியர் மோரிஸ் 1983-ல் எடுத்துவிட்டுப் புல்தண்டை வைத்தார். இந்தச் செய்தியைச் சொல்லி இரண்டு கால ஆல்பங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பிள்ளைகள் ஆர்வத்தோடு தேடிப் பார்ப்பார்கள். இப்போதைக்கு உங்கள் மகளுக்கு, பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படிநிலை வாரியாக இலவசமாக இருக்கின்றன. முதல் இரண்டு படிநிலைகளில் தொடங்குங்கள். அவை காமிக்ஸ் அல்ல, படக்கதைப் புத்தகங்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை சொல் வைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது உங்கள் லெட்டரிங்குக்கும் உதவும்.

மைக்கூடு எழுதியது:

இருவருக்கும் நன்றி. எடுத்துப் பார்த்தேன். 9 பக்கத்தில் 3 பக்கத்தில் அதே நெட்டைக் கட்ட அமைப்பு, மகள் வழிதவறியதும் அந்த மூன்றில்தான். இடைவெளியை மாற்றுகிறேன். மீதி 15 பக்கத்தின் ரஃபை 5 கட்டத்துக்குள் கொண்டுவருகிறேன்.

ஒன்று சொல்ல மறந்தேன். கதையில் வரும் அக்காவும் தம்பியும் முழுக்க என் பிள்ளைகளேதான்: வீட்டில் கூப்பிடும் பெயர், முடி, பள்ளிச் சீருடை எல்லாம். அதில் ஏதும் கவனிக்க வேண்டுமா?

நிப்புத்தூரிகை எழுதியது:

சீருடையையும் பெயரையும் மாற்றிவிடுங்கள். சீருடை நிறம், அடையாள அட்டை, பள்ளிப் பேருந்து, தெரு முனைக் கடை இவை நான்கும் ஒரே புத்தகத்தில் இருந்தால் பிள்ளை எங்கே படிக்கிறது, எந்த வழியாக வருகிறது என்று தெரியாதவரும் சொல்லிவிடுவார். சாயல் இருக்கலாம், அதைத் தடுக்கவும் முடியாது. 7 வயதுப் பிள்ளையிடம் அச்சுக்கு முன் ஒவ்வொரு பக்கமாகக் காட்டிக் கேளுங்கள். "இது வேண்டாம்" என்று அவள் சொல்லும் கட்டம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் போகட்டும். அழுத காட்சி, படுக்கை நனைந்த காட்சி, குளியலறை, நோய் இவற்றைக் கேட்காமலே விட்டுவிடுவது மேல். பத்து வயதில் வகுப்பில் யாராவது அந்தப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் தாங்க வேண்டியவள் அவள்தான்.

மாலை நேர வேலைக்கு வருகிறேன். குறுக்கே எழுந்தால் கெட்டுப்போகும் வேலை, எழுந்தாலும் கெடாத வேலை என்று இரண்டாகப் பிரியுங்கள். முகத்துக்கு மை போடுவது, நீளக் கோடு, கடைசிக்கட்ட லெட்டரிங் மூன்றும் முதல் வகை. நிப்பில் மை இருக்கும்போது எழுந்து போனால் சில நிமிடத்தில் பிளவில் காய்ந்துவிடும். திரும்பி வந்து போடும் முதல் கோடு ஒன்று வராது, அல்லது சொட்டாக விழும். இந்த வேலைகளைப் பிள்ளைகள் எழுவதற்கு முன்னால் வையுங்கள். கட்டக் கோடு போடுவது, பென்சில் அழிப்பது, ஸ்கேன் எடுப்பது, அடி வண்ணம் நிரப்புவது, அடுத்த பக்க ரஃப் இவை இரண்டாம் வகை, மாலைக்கு ஏற்றவை. பென்சில் அழிக்கும் முன் மை முழுக்கக் காய வேண்டும். மெல்லிய கோட்டுக்கு ஒரு மணி நேரம், கனத்த கறுப்புக்கு ஒரு இரவு. அவசரப்பட்டால் ரப்பர் கறுப்பை இழுத்துப் பக்கம் முழுதும் பூசிவிடும்.

பக்கம் பக்கமாக முடிக்காமல் மூன்று பக்கமாகச் சேர்த்துப் போடுங்கள். ஒரு நாள் மூன்று பக்கத்துக்கும் முகங்கள், அடுத்த நாள் உடலும் கையும், பிறகு பின்னணி, கடைசியில் கறுப்பு நிரப்பல். மூக்கும் கண்ணும் ஒரே கைச்சூட்டில் வருவதால் பாத்திரம் பக்கத்துக்குப் பக்கம் மாறாது. வாரத்துக்கு 3 பக்கம் என்றால் 15 பக்கத்துக்கு 5 வாரம். காய்ச்சல், விருந்தாளி, பள்ளி விடுமுறைக்கென்று 2 வாரம் கூட்டி 7 என்று வைத்து அச்சகத்திடம் தேதி சொல்லுங்கள்.

மூலப்படத்தை ஒன்றரை மடங்கில் வரைகிறீர்களா? ஏ5-க்கு 222 x 315 மிமீ, ஏ3 தாளில் சுற்றிலும் இடம் விட்டு அடங்கும். அதே அளவில் வரைந்தால் 4 வயதுக்காரன் மேசையை இடித்த அதிர்வு அப்படியே அச்சில் தெரியும். ஒன்றரை மடங்கு என்றால் சுருங்கும்போது அதில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

பாட்டில் கவிழ்வதற்கு எளிய வழி: முழு பாட்டிலை மேசையில் வைக்காமல் 10 மில்லியைச் சின்ன மூடிபோட்ட டப்பாவில் ஊற்றி, அதைத் தீர்ந்துபோன பேக்கிங் டேப்பின் அட்டை வளையத்துக்குள் உட்கார வைத்து, வளையத்தை மேசையோடு ஒட்டிவிடுங்கள். அரக்குச் சேர்ந்த இண்டியன் இங்க் துணியில் காய்ந்தால் போகாது. ஈரம் இருக்கும்போதே குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போட்டு அலச வேண்டும், வெந்நீர் கூடாது. நிப், பிளேடு இரண்டும் மூடியுள்ள தகர டப்பாவில் பரண் உயரத்தில் இருக்கட்டும். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட கை தாளில் பட்டால் அந்த இடத்தில் மை பிடிக்காமல் திட்டுத் திட்டாக விலகும். வரையும் கைக்குக் கீழே எப்போதும் ஒரு வெள்ளைத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். வியர்வைக்கும் அது தேவை.

பிள்ளைகளுக்கு அதே நேரத்தில் அவர்களின் புத்தகம். ஒரு ஏ4 தாளில் 8 பக்கம் வரும். தாளை நீளவாக்கில் பாதியாக மடித்துப் பிரியுங்கள். குறுக்கே பாதியாக மடித்து, இன்னொரு முறை பாதியாக மடித்துப் பிரித்தால் 8 கட்டம் தெரியும். மறுபடி குறுக்கே ஒரே மடிப்பு மடித்து, மடிப்பு ஓரத்திலிருந்து நடுக்கோட்டின் மேலே அடுத்த மடிப்புக் கோடு வரை மட்டும் வெட்டுங்கள். பிரித்தால் நடுவில் ஒரு கீறல் இருக்கும். நீளவாக்கில் மடித்து இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் கீறல் விரிந்து கூட்டல் குறிபோல நிற்கும். அதைச் சுற்றி மடக்கினால் கையகலப் புத்தகம். வரைவதற்கு முன்பே மடித்து 1 முதல் 8 வரை பென்சிலால் எண் போட்டுவிட்டுப் பிறகு பிரித்து வரையச் சொல்லுங்கள். பிரித்த தாளில் நான்கு பக்கம் தலைகீழாக இருக்கும், எண் போடாவிட்டால் பாதிக் கதை தலைகீழாக வந்துவிடும். மகள் பலூனுக்குள் தானே எழுதித் தானே படிக்கத் தொடங்கினால், உங்கள் பலூனில் அவள் தேடுவது என்ன என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஃபாரம்16 எழுதியது:

அச்சு பற்றிய பகுதி என்னுடையது. 24 பக்கம் சென்டர் பின்னுக்கு (நடு மடிப்பில் பின் அடிப்பதற்கு) சரியான எண், 4-ஆல் வகுபட வேண்டும் என்பதுதான் விதி. அட்டையோடு 24 என்றால் உள்ளே 20 பக்கம், அதாவது ஏ4 தாள் 5. அட்டையின் உட்பக்கம் இரண்டும் அந்த 24-க்குள் வருகிறது என்பதைக் கதையைப் பிரிக்கும்போது மறக்காதீர்கள். கடைசி நேரத்தில் இரண்டு பக்கம் குறைவது பெரும்பாலும் இதனால்தான்.

300 பிரதிக்கு டிஜிட்டல் (கோப்பிலிருந்து நேரே அடிப்பது), ஆஃப்செட் (பிளேட் என்ற அச்சுத்தகடு செய்து அடிப்பது) இரண்டுக்கும் விலை கேளுங்கள், 300-க்கும் 500-க்கும் தனித்தனியாக. ஆஃப்செட்டில் பிளேட் செலவும் மிஷின் ஏற்றும் செலவும் 100 பிரதி அடித்தாலும் 1000 அடித்தாலும் ஒன்றே. அதனால் குறைந்த பிரதிக்கு ஒரு புத்தகத்தின் விலை ஏறும். ஆஃப்செட்டில் போவதானால் உள்பக்கம் 20 என்பது ஒரு 16 பக்க ஃபாரமும் (ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் பக்கத் தொகுதி) மிச்சம் 4 பக்கமும். அந்த 4 பக்கத்துக்குத் தனி பிளேட் கேட்பார்கள். அட்டையைத் தனியாக 4 பக்கம் வைத்து உள்ளே 16 அல்லது 24 என்று அமைத்தால் பணம் வீணாகாது. கதை 16-க்குச் சுருங்குமா, 24-க்கு நீளுமா என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

தாள்: உள்ளே 90 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனம்) மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாள், அட்டை 250 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, மேட் லேமினேஷன். உள்ளே ஆர்ட் பேப்பர் வேண்டாம் என்பேன். படுக்கையில் விளக்கு வெளிச்சத்தில் படிக்கும்போது மினுங்கும், பிள்ளைகள் பென்சிலால் வண்ணம் தீட்டவும் வராது. இந்தக் கணக்கில் ஒரு பிரதி 45 கிராம் அளவுக்கு வரும், அஞ்சல் செலவைப் போட்டுப் பார்க்க உதவும்.

கோப்பில் அதிகம் கெடுவது கறுப்பு. கோடும் எழுத்தும் கறுப்பு 100 மட்டும் இருக்க வேண்டும், மற்ற மூன்று வண்ணமும் பூஜ்ஜியம். திரைக்கான ஆர்ஜிபி வண்ணமுறையிலிருந்து அச்சுக்கான நான்கு வண்ண சிஎம்ஒய்கேக்குத் தானாக மாற்றினால் கறுப்பு நான்கு வண்ணத்தின் கலவையாகிவிடும். மிஷினில் ரெஜிஸ்ட்ரேஷன் (வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவது) கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பு, நீல நிழல் விழும். தமிழில் முதலில் அடைபடுவது புள்ளியும் சுழியும். கோட்டோவியத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து தனி லேயரில் வைத்து, வண்ணத்தை 300-ல் கீழே வையுங்கள். மேப்லித்தோ மையை உறிஞ்சும், எனவே நான்கு வண்ணமும் சேர்ந்து எந்த இடத்திலும் 260 விழுக்காட்டைத் தாண்டாமல் பாருங்கள், இல்லையென்றால் மை பின்பக்கம் ஊறும். திரையில் தெரிகிற பளீர் நீலம் அச்சில் ஊதாவாகும். சியான் அளவைவிட மெஜந்தாவை 30 குறைவாக வைத்தால் நீலமாகவே நிற்கும்.

வெட்டு ஓரத்துக்கு வெளியே 3 மிமீ படம் நீள வேண்டும். பலூன் எதுவும் வெட்டிலிருந்து 8 மிமீக்குள் வரக் கூடாது. பின் அடித்து மடிக்கும்போது நடுத்தாள்கள் வெளியே பிதுங்கி, வெட்டும்போது கொஞ்சம் இழக்கும்.

தமிழ் எழுத்து சிதறுவது அச்சகத்தில்தான் தெரியவரும். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரில் தெற்காசிய எழுத்துக்கான கம்போசரை (எழுத்தை அடுக்கும் அமைப்பை) தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு இடம் மாறும். இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வசனத்தை ஒட்டாதீர்கள், யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதைப் பிழை திருத்தி, பிறகு ஒட்டுங்கள். அனுப்பும் கோப்பில் எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிவிடுங்கள். மாற்றாத கோப்பு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள், மறுபதிப்பில் ஒரு சொல்லைத் திருத்த அதுதான் வழி. ஐஎஸ்பிஎன் வேண்டுமென்றால் கல்வி அமைச்சகத்தின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது. பின்னட்டையை முடிக்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

பிளேட் போடச் சொல்லும் முன் டம்மி (மாதிரிப் புத்தகம்) கட்டாயம். வீட்டுப் பிரிண்டரில் கறுப்பு வெள்ளையில் சரியான அளவுக்கு அடித்து, மடித்து, பின் போட்டு மகளிடமும் அவள் தோழி ஒருத்தியிடமும் தனித்தனியாகக் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காதீர்கள். விரல் நிற்கும் இடம், பின்னால் போகும் இடம், கட்டம் தாண்டும் இடம் மூன்றையும் உங்கள் பிரதியில் குறியுங்கள். இருவரும் தடுமாறிய இடங்களைக் கண்டிப்பாக மாற்றுங்கள். ஒருவர் மட்டும் தடுமாறியது சொல்லாக இருந்தால் விட்டுவிடலாம், கட்ட வரிசையாக இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

மைக்கூடு எழுதியது:

அட்டை தனி, உள்ளே 24 என்று முடிவு செய்துவிட்டேன். நெருக்கமாக இருந்த பக்கங்களைப் பிரிக்க அந்த 4 பக்கம் சரியாக உதவும். சீருடையின் நிறம் மாறிவிட்டது. பெயரை மகளே தேர்ந்தெடுக்கிறாள். டம்மி அடித்ததும் தடுமாறிய இடங்களை இங்கே பதிவிடுகிறேன்.

ஃபாரம்16 எழுதியது:

நல்ல முடிவு. உள்ளே 4 பக்கம் கூடியதால் எடை 50 கிராமைத் தாண்டும், அஞ்சல் கணக்கை மறுபடி போடுங்கள். முதல் கட்டு வந்ததும் பத்துப் பிரதியின் நடுப்பக்கத்தைத் திறந்து விரலால் தடவிப் பாருங்கள். பின்னின் முனை இரண்டும் தாளோடு படிந்து இருக்க வேண்டும். தூக்கிக்கொண்டிருந்தால் மொத்தக் கட்டையும் திருப்பிக் கொடுத்து மறுபடி அழுத்தித் தரச் சொல்லுங்கள். அந்த வீட்டில் 4 வயதுக் கையும் புரட்டப் போகிறது.